புகை அடங்கும் வரை

புதன்கிழமை பிரியாணி மிஞ்சியபோதுதான் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று எங்கள் மனிதவள அதிகாரிக்கு உறைத்தது. எங்கள் ஆலை கேண்டீனில் புதன் மதியம் கோழி பிரியாணி. வழக்கமாக இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் வரும்போது அண்டாவின் அடியில் பட்டையும் கிராம்பும்தான் கிடக்கும். அந்தப் புதனன்று அண்டா பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஆட்கள் வரிசையாக வந்து தயிர்சாதத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மதுரையைச் சுற்றிப் பிறந்து வளர்ந்தவர்கள் கூட்டமாகப் பிரியாணியை வேண்டாம் என்பது சாதாரண விஷயமில்லை. கேண்டீன் நடத்துகிறவர் கரண்டியும் கையுமாக அதிகாரியின் அறைக்கே வந்துவிட்டார்.

காரணம் எல்லார் மணிக்கட்டிலும் இருந்தது. என் மணிக்கட்டிலும்தான். மஞ்சள் தோய்த்த நூல், அதில் முடிந்த ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. காப்பு.

நாங்கள் கார் பேட்டரி செய்கிறவர்கள். பரவை தாண்டித் திண்டுக்கல் ரோட்டில், முன்பு சோளம் விளைந்த மேட்டில் ஆலை. ஈயத்தை உருக்கித் தகடாக வார்த்து, பசை பூசி, அடுக்கி, ஆசிட் ஊற்றி, முதல் சார்ஜ் ஏற்றி அனுப்புவோம். இதில் எந்த வேலையும் என் வேலை இல்லை. நான் ஆலையின் கார்பனைக் கணக்குப் பார்க்கிறவன். உலைக்கு எவ்வளவு எரிபொருள், சார்ஜ் கூடத்துக்கு எவ்வளவு மின்சாரம், கரண்ட் போனால் ஜெனரேட்டர் குடிக்கிற டீசல் எவ்வளவு, எல்லாம் சேர்ந்து எவ்வளவு கார்பன் காற்றில் போனது என்று மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களிடம் இதை விளக்குவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்பேன். அதற்கா இவ்வளவு படிக்கவைத்தார்கள் என்பார்கள். ஆமாம் என்பேன்.

கம்பெனி உலகத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. இன்ன வருடத்துக்குள் நாங்கள் நெட் ஜீரோ. அதாவது, நாங்கள் காற்றில் விடுகிற கார்பனும் காற்றிலிருந்து எடுக்கிற கார்பனும் சரிக்குச் சரியாகிவிடும். அந்த வருடத்தை ஆலைச் சுவரில் ஆளுயரத்துக்குப் பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றுச் சில காலம் கழித்து வரப்போகிற வருடம் அது. வாக்குக் கொடுத்த பெரியவர்கள் ஒருவர்கூட அப்போது அந்த நாற்காலிகளில் இருக்கப் போவதில்லை. இதைச் சொன்னால் மனசு நெகட்டிவ் என்பார்கள். அதனால் நான் சொல்வதில்லை, ஆனால் தினமும் உள்ளே நுழையும்போது பார்ப்பேன்.

வருடத்துக்கு ஒரு முறை உறுதி நாள் என்று ஒன்று வரும். முந்திய வருடம் பெரிய பலகையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பலகை இப்போது சைக்கிள் ஸ்டாண்டில் கூரை ஒழுகுகிற இடத்துக்கு மறைப்பு. இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து பச்சை ரப்பர் வளையங்கள் பெட்டியாக வந்தன, கையில் மாட்டிக்கொள்ள. பிரித்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்குத்தான் சேரும். ஈயக் கட்டி தூக்குகிறவர்களின் கையில் விரலைத் தாண்டி ஏறவில்லை.

மனிதவள அதிகாரி மதுரை டவுன்காரர். மைக்கைப் பார்த்தால் அவருக்குத் தனிக் குரல் வந்துவிடும். நல்ல மனிதர், எதையும் அரைகுறையாக விடத் தெரியாதவர், அதுதான் தொந்தரவு. ரப்பர் வளையம் கைவிட்டதும் அவருக்கு யோசனை வந்தது. நம் ஊரில் காப்பு என்றால் எவனும் விளையாட மாட்டான், அதையே கட்டிவிடலாம் என்றார். ஆலை வாசலில், வேலிக்கு உள்ளேயே, வேப்பமரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். நிலத்தை வாங்கியபோதே அங்கே இருந்தவர். அவரை நகர்த்த எந்த ஒப்பந்தக்காரரும் துணியவில்லை, அதனால் வாசலையே தள்ளிக் கட்டினார்கள். எங்கள் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் கீழக்குயில்குடிக்காரர், தன் ஊரில் பூசாரிக் குடும்பம். முனியாண்டிக்கு வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவதும் அவர்தான். அவரிடம் அதிகாரி விஷயத்தைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பூசாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சும்மா கட்டணுமா சார், நெசமாக் கட்டணுமா?"

நெசமாத்தான் என்றார் அதிகாரி.

பூசாரி நிஜமாகவே கட்டினார். முந்தின நாளிலிருந்து விரதம் இருந்தார். மஞ்சள் அரைத்து, நூலைத் திரித்து, முனியாண்டி காலடியில் வைத்து எடுத்து, ஆலைத் தலைவரில் தொடங்கிக் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கட்டினார். மைக்கில் அதிகாரி உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். எங்கள் ஆலையின் புகை அடங்கும் வரை இந்த உறுதியில் நிற்போம் என்பது எழுதிக் கொடுத்தது. முனியாண்டி சாட்சி என்பது மைக்கில் தானாக வந்தது. கூட்டமும் முனியாண்டி சாட்சி என்றது. எனக்குப் பின்னால் நின்றவர், என்னண்ணே இப்புடி மாட்டிவிட்டுட்டாரு என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

கட்டின அன்று எல்லாருக்கும் சிரிப்புத்தான். வீட்டுக்குப் போனபிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. காப்புக் கட்டியவன் கவிச்சி சாப்பிடக் கூடாது. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போகக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. கட்டியவரே, எடுத்துக்கொண்ட காரியம் முடிந்தபிறகுதான் அவிழ்க்க வேண்டும். ஊர்த் திருவிழா என்றால் காப்பை அவிழ்க்கிற நாள் கட்டுகிற அன்றே தெரியும். ஒரு வாரமோ பத்து நாளோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். எங்கள் காரியம் முடிகிற நாள் சுவரில் பச்சைப் பெயிண்டில் இருந்தது. ஒவ்வொருவனும் வீட்டில் போய்ச் சொல்ல, எப்ப அவுப்பாக என்று வீட்டுக்காரி கேட்க, இவன் வருடத்தைச் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் எந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டீக்கடையில் எல்லை எது என்று வாதம் நடந்தது. வேலியா, பரவையா, மதுரை ஜில்லாவா? ஜில்லா என்று பெரும்பான்மை முடிவானது. ஆலைத் தலைவர் வெளி மாநிலத்துக்காரர். அன்று மாலையே சட்டைக் கையில் மஞ்சள் ஒட்டுகிறதென்று கழற்றிவிட்டார். அது கை கழுவும் இடத்தில் கிடந்ததைப் பார்த்த பெண் எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தில் கட்டினாள். அவர் மேல் யாருக்கும் கோபமில்லை. அவருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டோம். எங்களுக்குத் தெரிந்திருந்ததுதான் எங்கள் கஷ்டம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கத்தரிக்கோல் என் மேசையிலேயே கிடந்தது. வீட்டுக்குப் போய் நறுக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஜில்லாவுக்குள்ளேயே இருக்கிற என் சொந்த ஊர் எழுமலையிலிருந்து போன் வந்துவிட்டது.

அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டிருந்தது. பீடி. காட்டில் உழும்போது, தண்ணீர் பாய்ச்சும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று ஆயுசு முழுக்கக் குடித்த பீடி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். அது நாளெல்லாம் உறுமிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், அந்த பேட்டரியும் எங்கள் கம்பெனி ஆள் பிடித்து வாங்கியதுதான். நான் ஒரே மகன். அம்மாவும் அப்பாவும் எழுமலையில், நானும் என் மனைவியும் மதுரை விளாங்குடியில். அப்பா எங்களோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் நான் போய்விடுவேன்.

போன் வந்த அன்று அப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்து அவர் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். என் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"எந்தக் கோயிலுடா?"

கம்பெனியில் கட்டினது, புகை நிற்பதற்காக என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகு நேரம் ஆனது. அடங்கியதும், எனக்கும் ஒண்ணு அப்பவே கட்டிவிட்டிருந்தா நிறுத்தியிருப்பேன் என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அம்மா நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்து கையைப் பிடித்ததும் மூச்சு வந்தது, காப்புத்தான் எமனை வாசலோடு நிறுத்தியது என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. கறிவேப்பிலை உருவிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"காப்பு இருக்க மட்டும் இந்த வீட்டுல எழவு விழுகாது. அவுத்துராத ராசா."

இது கம்பெனி காப்பு, சாமி காப்பு இல்லை என்றேன். முனியாண்டி முன்னாடி மஞ்சள் வச்சுக் கட்டினதில் கம்பெனி என்ன, கோயில் என்ன என்றார். ஆலைக்குத் திரும்பியதும் கத்தரிக்கோலை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பிடி. பஸ்ஸில் வரும்போது யோசிக்க யோசிக்க இறுகியது. நான் அறுத்து, அதற்குப் பின் அப்பா போனால், அறுத்ததால்தான் போனார் என்று அம்மா சாகும் வரை நினைப்பார். சொல்ல மாட்டார், நினைப்பார். அறுக்காமல் இருந்து அப்பா போனால், காப்போடு நான் துட்டி வீட்டுக்குள் நுழைய முடியாது. ஊர் விடாது. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் தெருவில் நிற்க வேண்டும். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். நீங்களா இதெல்லாம் நம்புறீங்க என்று கேட்டாள். நம்பவில்லை என்றேன். அப்ப அறுங்க என்றாள். முடியவில்லை என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது, அவள் சொன்னது சரியாக இருந்ததால்.

ஆலையிலும் ஒவ்வொருவனாகத் திணற ஆரம்பித்திருந்தான். ஒருத்தனுக்கு மச்சினன் கல்யாணம் கோயம்புத்தூரில். ஒருத்தன் சொந்தப் பெரியப்பா சாவுக்குப் போகாமல் இருந்துவிட, பங்காளிகள் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதிகாரி பயந்துபோனார். பூசாரியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் அவிழ்த்துவிடுங்கள் என்றார். பூசாரி முடியாது என்று சொல்லவில்லை. அவருக்கே அவிழ்க்க ஆசைதான். அவர் அக்கா மகளுக்குக் காதுகுத்து வருகிறது, தாய்மாமன் இல்லாமல் எப்படிக் குத்துவார்கள்? கெடா வெட்டுகிற விசேஷம் வேறு. ஆனால் காரியம் முடிந்தது என்று ஒரு வார்த்தை வேண்டும், அதை யாராவது முனியாண்டி முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றார்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். புகையைக் கணக்குப் பார்க்கிறவன் நான்தானே.

மதிய இடைவேளையில் மூன்று பேரும் வேப்பமரத்தடிக்குப் போனோம். கூட்டம் தானாகச் சேர்ந்தது. நடக்கும்போதே அதிகாரி என் காதில் கெஞ்சினார், ஒரு வார்த்தைதான் சார், ஆமான்னு சொல்லுங்க, எல்லாரும் பிழைச்சுக்குவாங்க. நான் சரி என்றுதான் தலையாட்டினேன். எனக்கும் அது விடுதலை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் பூசாரியே முறையாக அவிழ்ப்பார், அம்மாவிடம் காரியம் முடிந்து அவிழ்த்தது என்று சொல்லிக்கொள்ளலாம், அப்பாவுக்கு ஒன்று ஆனால் நான் உள்ளே போய் நிற்கலாம். இதைவிட நல்ல வழி எனக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் போனேன்.

"புகை நின்னுருச்சாண்ணே?" என்று பூசாரி கேட்டார். "நீங்க சொன்னாப் போதும். நான் அவுத்துர்றேன்."

என் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரு பேட்டரிக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். கூரையில் சோலார் போட்டபிறகு அது குறைந்துதான் இருக்கிறது. ஆனால் கார்கள் கூடின, ஆர்டர் கூடியது, சார்ஜ் கூடத்தைப் பெரிதாக்கினோம், மொத்தம் கூடிவிட்டது. இரண்டும் உண்மை. எதை மேலே எழுதுவது, எதை அடியில் சின்ன எழுத்தில் எழுதுவது என்பதில்தான் என் சாமர்த்தியமெல்லாம். அதில் நான் பொய் சொன்னதே இல்லை, சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை. இங்கே சின்ன எழுத்துக்கு இடமில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி கையில் விளக்கு வேறு.

கொறைஞ்சிருக்கு என்றேன்.

பூசாரி விளக்கைத் தூக்கிப் பிடித்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் முகம் எதிர்பார்த்தது. அப்பா மூச்சுக்கு அடித்துக்கொள்கிறபோது ஆஸ்பத்திரியில் தினமும் சொல்வார்கள், நேற்றுக்கு இன்று தேவலை என்று. அது நினைவுக்கு வந்தது. பூசாரி விளக்கைக் கீழே வைத்துவிட்டார். கூட்டம் கலைந்தது. அதிகாரி அதற்குப் பிறகு சில நாள் என்னோடு பேசவில்லை. என் மேல் எனக்கே கோபம்தான். முனியாண்டிக்குப் பயந்து உண்மை சொன்னேனா, என் தொழிலின் கௌரவத்துக்காகச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பாவை நினைத்துச் சொல்லவில்லை, அது மட்டும் தெரியும்.

கொஞ்ச நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. மூன்று பத்தி. சந்தை வளர்ச்சியையும் மற்ற சூழலையும் கருதி, நெட் ஜீரோ இலக்கு சில வருடங்கள் பின்னால் தள்ளி வைக்கப்படுகிறது, நம் உறுதியில் மாற்றமில்லை. அவ்வளவுதான். நான் அதை இரண்டாம் முறை படித்தபோது மணிக்கட்டில் அரிப்பெடுத்தது. இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து தட்டினால் முடிகிற விஷயம். பெயிண்டர் வந்து சுவரில் பழைய வருடத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டுப் போனார், புதிய வருடத்தை எழுத அப்புறம் வருவதாகச் சொன்னார்.

கம்பெனியே வாக்கைத் தள்ளி வைத்துவிட்டது என்று தெரிந்ததும் பாதிப் பேர் தாங்களே நூலை அறுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூசாரி அறுக்கவில்லை. வாக்குக் கொடுத்தது நாம், தள்ளி வைத்தது அவர்கள் என்றார், ஆனால் அறுத்தவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதுகுத்துக்கும் போகவில்லை. புதன்கிழமை பிரியாணி பழையபடி தீர ஆரம்பித்தது. நான் தயிர்சாதம்தான் சாப்பிட்டேன். காலையில் குளிக்கும்போது நூலை நனையாமல் பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டிருந்தேன். எனக்கு என்ன ஆயிற்று என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

அம்மாவிடம் மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் அப்பாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் காப்பு இருக்கா என்று கேட்பார். இருக்கும்மா என்பேன்.

அப்பா கடைசியாகப் படுத்தபோது நான் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டேன். உயிரோடு இருக்கிறவரைப் பார்க்கக் காப்பு தடையில்லை. பேச்சு போய்விட்டது, சாப்பாடு போய்விட்டது, மூச்சு மட்டும் போகவில்லை. மெஷின் உறுமுகிற சத்தத்துக்கும் அவர் மூச்சு இழுக்கிற சத்தத்துக்கும் நடுவே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒரு மெஷின் நாளெல்லாம் ஓடினால் எவ்வளவு மின்சாரம், அதற்கு எவ்வளவு கார்பன் என்று என் மண்டை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. சீ என்று எழுந்து வெளியே போனேன். பங்காளிகள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பாலை ஊற்றிப் பார்த்தார்கள். அவர் உழுத காட்டு மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு உதட்டில் விட்டார்கள், ஆசைப்பட்டது மண் என்றால் அடங்கும் என்று. அடங்கவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு அவர் இருக்க வேண்டும் என்றும் இருந்தது, போய்விட்டால் தேவலை என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

சித்தப்பாதான், அப்பாவின் தம்பி, அம்மாவை முற்றத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

"மகன் கையில காப்பு கெடக்கு மதினி. கொள்ளி வைக்க ஆளில்லாம அண்ணன் எங்கிட்டுப் போவாரு?"

அம்மா வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில், மெஷினுக்கு இந்தப் பக்கம், தரையில் அதைப் போட்டு அதன் பலகையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார், கீரை நறுக்க உட்காருகிற மாதிரியே.

"கையக் குடு."

நீதானேம்மா வேண்டாம் என்றாய் என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். குடு."

கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, நூலை மட்டும் பார்த்தார். இழுத்து அரிவாள் வாயில் வைத்து ஓர் அழுத்து. எத்தனையோ நாள் வியர்த்து இறுகிப்போன நூல், சட்டென்று விட்டுவிட்டது. மஞ்சள் துண்டு சுருங்கி மிளகு அளவுக்கு ஆகியிருந்தது. அம்மா எல்லாவற்றையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அரிவாள்மனையைச் சுவரில் சாத்தினார். அதற்குப் பிறகுதான் அப்பா பக்கம் திரும்பி, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, போய்ட்டு வாங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றார்.

பொழுது இறங்குவதற்குள் அப்பா போய்விட்டார். போகிற நேரம் வந்திருந்தது, போனார், அவ்வளவுதான் என்று நான் சொல்வேன். நுரையீரல் படத்தைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மணிக்கட்டில் நூல் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. வழியெல்லாம் ஆட்கள் அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள்.

கருமாதி முடிந்து நான் மதுரைக்குக் கிளம்புகிற காலையில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூலை எடுத்தார். இதை முனியாண்டியிடமே சேர்த்துவிடு, பாதியில் அறுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள் என்றார். வாங்கிப் பையில் வைத்தேன். அப்புறம், மற்ற பிள்ளைகளெல்லாம் இன்னும் கட்டிக்கொண்டா இருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு எப்போது முடியும் என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அலுப்பில் உண்மை வந்துவிட்டது. கம்பெனி அந்த நாளைத் தள்ளி வைத்துவிட்டதும்மா, பாதிப் பேர் அப்போதே அறுத்துவிட்டார்கள் என்றேன்.

"எப்ப?"

அப்பா இருக்கும்போதே என்றேன். அம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. இப்படி ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்பது மாதிரி ஒரு பார்வை.

"நாளத் தள்ளி வைக்கலாமா அதுல?" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் முனியாண்டிகிட்டத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டிருப்பேனேப்பா. இன்னும் நாலு நாளு கெடந்திருப்பாருல்ல மனுசன்."